மோல்டனில் கேரி கற்றது

வில்லியம் கேரி என்றதும் வங்காளத்தின் செராம்பூரில் இருந்த அச்சகமும் வங்காள மொழிபெயர்ப்புகளும்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன் 1785 முதல் 1789 வரை, இங்கிலாந்தின் மோல்டன் கிராமத்தில் அவர் பாப்டிஸ்ட் போதகராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். போதாக்குறைக்குச் செருப்பும் தைத்தார். சபை தந்த சம்பளம் குடும்பத்துக்குக் காணவில்லை. இதை வெறும் வறுமைக் கதையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால், 1792இல் அவர் வெளியிட்ட மிஷனரிப் பணி பற்றிய சிறுநூலைப் பாருங்கள்: நாடுவாரியாகப் பரப்பளவு, மக்கள்தொகை, சமயம் என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள். பிரசங்கியின் ஆவேசத்தைவிடப் பூகோள வாத்தியாரின் பொறுமையே அதில் அதிகம்.

கேரி நல்ல ஆசிரியர் அல்லர், பிள்ளைகளை அடக்கத் தெரியாதவர் என்பார்கள். உண்மைதான், பள்ளியும் நொடித்தது. செராம்பூர்ப் பள்ளிகளை நடத்திய பெருமையும் பெரும்பாலும் கேரியின் சக மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன் தம்பதிக்கே உரியது. ஆனால், அந்த மார்ஷ்மனும் பிரிஸ்டலில் பள்ளி ஆசிரியராக இருந்த பாப்டிஸ்ட்தானே! பிரசங்க மேடையையும் கரும்பலகையையும் பிரித்துப் பார்க்காத வழக்கமே வங்காளத்துக்குக் கப்பலேறியது. 1818இல் அவர்கள் தொடங்கிய செராம்பூர் கல்லூரி, எல்லாச் சாதியினருக்கும் சமயத்தினருக்கும் திறந்திருந்தது. மதுரையில் இறையியல் படிப்பவர்களுக்கும் இன்று செராம்பூர்தான் பட்டம் வழங்குகிறது.