மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள்: பராமரிப்பாளர்களுக்கு மூன்று நாள் பயிற்சி போதுமா?

புது டெல்லி: நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனால், பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை எவ்வாறு பராமரிப்பது என்ற தொழில்முறைப் பயிற்சி இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளது.

நீண்ட காலமாக இந்த வயதினருக்கான அரசின் பணி, சத்துணவு வழங்குதல், எடை பார்த்தல், தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்தல் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்திருந்தது. பேச்சு, விளையாட்டு, அரவணைப்பு போன்றவை குடும்பத்தின் பொறுப்பாகவே கருதப்பட்டன.

இந்த நிலையை மாற்றும் நோக்கில், 'போஷண் பீ, படாய் பீ' (ஊட்டச்சத்தும் கல்வியும்) திட்டத்தை மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2023 மே 10-இல் தொடங்கியது. 2024-இல் மூன்று வயதுக்குட்பட்டோருக்காக 'நவசேதனா' வழிகாட்டியும், 3 முதல் 6 வயது வரையிலானோருக்காக 'ஆதார்ஷிலா' பாடத்திட்டமும் வெளியிடப்பட்டன. 36 மாதங்களுக்கான 140 செயல்பாடுகளை நவசேதனா வகுத்துத் தருகிறது.

வழிகாட்டியின் தரத்தில் பெரிய குறை இல்லை. அதைப் பணியாளரின் கைப்பழக்கமாக மாற்றும் வழியில்தான் சிக்கல் உள்ளது.

கையால் கற்க வேண்டிய தொழில்

இத்திட்டத்தின்படி அங்கன்வாடி பணியாளருக்கு அளிக்கப்படும் நேரடிப் பயிற்சி மூன்று நாள்கள். ஆறு வயது வரையிலான அனைத்துக் குழந்தைகளுக்குமான பாடங்களும், மாற்றுத்திறன் குழந்தைகள் தொடர்பான பாடங்களும் இதற்குள் அடங்க வேண்டும்.

ஆனால், ஆறு மாதக் குழந்தை தனக்குப் பசிக்கிறது என்றோ, வலிக்கிறது என்றோ சொல்லாது. முகம் திருப்புவதையும் கண்ணைக் கசக்குவதையும் கொண்டு பராமரிப்பாளரே அதை உணர வேண்டும். வயிற்றுப்போக்கின்போது குழி விழுந்த கண்களைக் கண்டதும் உடல் வறட்சியை அறிய வேண்டும். ஒன்பது மாதமாகியும் உட்காராத, ஒன்றரை வயதாகியும் நடக்காத குழந்தையை உரிய மருத்துவ மையத்துக்கு அனுப்ப வேண்டும். தொண்டையில் நிலக்கடலை சிக்கினால், குழந்தையைத் தலை தாழ்த்திக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டத் தெரிந்திருக்க வேண்டும். இவற்றைத் திரையில் பார்த்து மட்டும் கற்க முடியாது. பொம்மையைக் கொண்டு பலமுறை செய்து பழக வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை நினைவூட்டும் பயிற்சியும் தேவை.

தேசிய கல்விக் கொள்கை 2020, பிளஸ் 2 முடித்த அங்கன்வாடி பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ் படிப்பையும், அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பையும் பரிந்துரைத்தது. எனினும், எழுத்தறிவும் எண்ணறிவும் முன்னிறுத்தப்படும் அப்படிப்புகளில் கைக்குழந்தைப் பராமரிப்பு பின்னுக்குத் தள்ளப்படும் வாய்ப்பு அதிகம்.

காப்பகங்களின் நிலை

2017-ஆம் ஆண்டு மகப்பேறு பயன்கள் திருத்தச் சட்டம், மகப்பேறு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியதுடன், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதியைக் கட்டாயமாக்கியது. விடுப்பு முடிந்து தாய் பணிக்குத் திரும்பும்போது குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். வயலிலும் கட்டுமானத் தளத்திலும் உழைக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு அந்த விடுப்பும் கிடைப்பதில்லை.

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலானோருக்கான மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில், 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகங்களுடன் இணைத்து நடத்த இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. மொத்த அங்கன்வாடிகளுடன் ஒப்பிட்டால் இது சுமார் ஒரு சதவீதம் மட்டுமே. எஞ்சிய மையங்களில், முன்பருவக் கல்வி, வீடுகளுக்குச் செல்லுதல், 'போஷண் டிராக்கர்' செயலியில் பதிவேற்றம் என அனைத்தையும் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளருமே கவனிக்கின்றனர். கற்றதைச் செயல்படுத்த நேரம் கிடைக்காவிட்டால் எந்தப் பயிற்சியும் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

ஊதியமும் தகுதியும்

அங்கன்வாடி பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என 2018 அக்டோபரில் மத்திய அரசு மதிப்பூதியத்தை உயர்த்தியது. மாநிலங்கள் தங்கள் பங்காகக் கூடுதல் தொகை வழங்குகின்றன. ஆனாலும், இவர்கள் 'கௌரவப் பணியாளர்கள்' என்ற நிலைப்பாடு தொடர்கிறது. பணிக்கொடைச் சட்டத்தின்கீழ் இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவர்களின் பணிச் சூழலை மேம்படுத்துவது குறித்து அரசு சிந்திக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது.

பயிற்சிச் சான்றிதழ் பெறுபவருக்கு ஊதிய உயர்வோ பதவி உயர்வோ கிடைக்காதெனில், திறன் பெற்றவர்கள் வேறு வேலை தேடிச் செல்வது இயல்பு. அதன் இழப்பு, பழகிய முகத்தைத் தேடி அழும் குழந்தைக்குத்தான்.

மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் ஆறு வயதுக்குள் நிகழ்கிறது என்று கல்விக் கொள்கையே கூறுகிறது. அதில் முதல் மூன்று ஆண்டுகளைக் கவனிப்பவருக்குச் செய்முறைப் பயிற்சி, மேற்பார்வையாளரின் தொடர் வழிகாட்டல், ஊதியத்துடன் இணைந்த சான்றிதழ் ஆகிய மூன்றும் சேர்ந்து கிடைத்தால்தான், நவசேதனாவின் 140 செயல்பாடுகளும் குழந்தைகளைச் சென்றடையும்.