மரத்துக்கு 50 ஆண்டு காவல், பஞ்சமி நிலத்துக்கு?

மரம் நடுவதை யாரும் எதிர்க்க மாட்டார்கள். அதனாலேயே மரத்தின் பெயரால் நடக்கும் நில அரசியலைக் கேள்வி கேட்பது கடினமாகிவிடுகிறது. சொந்த நிலத்தில் நிரந்தரமாகக் காடு வளர்த்தால் அதற்குப் பணம் கிடைக்கும் என்கிற கார்பன் கிரெடிட் ஏற்பாட்டையும் அப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள். பூமிக்கு நல்லது, விவசாயிக்கு வருமானம் என்கிறார்கள். சொந்த நிலம் யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் பேசுவதில்லை.

ஏற்பாடு எளிமையானது. மரம் வளரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் தன் உடலில் சேர்த்துவைக்கிறது. ஒரு டன் சேர்ந்தால் ஒரு கிரெடிட். புகை கக்கும் நிறுவனம் அதை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். நாளைக்கே மரத்தை வெட்டிவிட்டால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். ஆகவேதான் 'நிரந்தரம்' என்ற நிபந்தனை.

இதைச் சட்டமாகவே வைத்திருக்கும் நாடு நியூசிலாந்து. அங்கே கார்பன் வணிகத் திட்டம் 2008இல் தொடங்கியது. 1989ஆம் ஆண்டு முடியும்போது காடாக இல்லாத நிலத்தில் பிறகு காடு வளர்த்தவர்கள் அதில் சேரலாம். குறைந்தது ஒரு ஹெக்டேர் வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் 'நிரந்தரக் காடு' என்ற தனிப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதில் பதிவு செய்தவர் 50 ஆண்டுகளுக்குக் காட்டை மொட்டையடிக்க முடியாது. நிலம் கைமாறினாலும் அந்தக் கடமை நிலத்தோடு சேர்ந்தே போகும்.

விளைவு என்ன? 2022இன் இறுதியில் ஒரு கிரெடிட்டின் விலை 80 நியூசிலாந்து டாலரைத் தாண்டியது. ஆடு, மாடு மேய்ந்த பண்ணைகளை வாங்கி பைன் மரம் நட்டார்கள். அந்த மண்ணின் மரங்கள் மெதுவாக வளர்பவை. வெளியிலிருந்து வந்த பைன் வேகமாக வளர்ந்து வேகமாக கிரெடிட் தருகிறது. பண்ணை என்றால் ஆட்டு ரோமம் வெட்டவும் வேலி போடவும் ஆள் வேண்டும். வெட்டவே போகாத காட்டுக்கு, நட்டு முடித்த பிறகு அத்தனை ஆள் தேவையில்லை. கிராமங்கள் காலியாகின்றன என்ற குரல் எழுந்தது. நல்ல விளைநிலம் காடாக மாறுவதற்கு வரம்பு கட்ட 2025இல் சட்டமே கொண்டுவந்தார்கள்.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியவர்கள் மாவோரி மக்கள். 1863ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தைக் கொண்டு காலனி அரசு அவர்களுடைய நிலத்தைப் பெருமளவில் பறித்தது. இன்று மாவோரி நிலம் என்ற சட்டத் தகுதியோடு எஞ்சியிருப்பது நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். அதிலும் பெரும்பகுதி செங்குத்தான, சாலை எட்டாத மலைச்சரிவு. 2022இல் வெளிநாட்டு மரங்களை நிரந்தரக் காட்டுப் பிரிவிலிருந்து விலக்கலாம் என அரசு யோசித்தபோது, மாவோரி நில உரிமையாளர்கள் பலர் எதிர்த்தார்கள். 'நல்ல நிலத்தை எடுத்துக்கொண்டு இந்தச் சரிவுகளை எங்களுக்கு விட்டீர்கள். இதில் வருமானம் வரும் ஒரே வழியையும் சூழலியல் பேசி அடைப்பதா?' என்பதே அந்த எதிர்ப்பின் சாரம். அரசு பின்வாங்கியது.

நிலவுடைமையை ஆய்வு செய்துவரும் எனக்கு இந்த எதிர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. கார்பன் பணம் காற்றில் மிதந்து வருவதில்லை, பட்டா வழியாகத்தான் வருகிறது. நேற்று நிலம் பறிகொடுத்தவருக்கு இன்றைய கிரெடிட்டிலும் பங்கு சுருங்கிவிடுகிறது. அதே சமயம், எஞ்சிய துண்டு நிலத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை அந்த மக்களுடையதே. அதைப் பசுமை பேசும் மேட்டுக்குடி தீர்மானிக்க முடியாது.

இனி நம் ஊருக்கு வருவோம், ஏனெனில் இந்தச் சந்தை இங்கும் வந்துகொண்டிருக்கிறது. இந்திய அரசு 2023இல் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டத்தை அறிவித்தது. 2024 ஜனவரியில் வேளாண் துறைக்கான தன்னார்வக் கார்பன் சந்தைக் கட்டமைப்பை வெளியிட்டது. வயலில் மரம் வளர்ப்பதும் இந்தப் பேச்சின் பகுதிதான்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினரின் கையில் இருக்கும் சாகுபடி நிலம் சுமார் 9 விழுக்காடு. மக்கள்தொகையில் அவர்கள் 16.6 விழுக்காடு. நிலம் இருப்பவர்களின் சராசரியும் 0.78 ஹெக்டேர்தான். நியூசிலாந்தின் ஒரு ஹெக்டேர் விதியை அப்படியே இங்கே வைத்தால், சராசரி தலித் விவசாயி வாசலிலேயே நிற்பார்.

'சிறு விவசாயிகளைச் சேர்த்துக் குழுவாகப் பதிவு செய்யலாமே' என்பார்கள். செய்யலாம். ஆனால் 50 ஏக்கர் உள்ளவர் 20 ஏக்கரை மரத்துக்கு ஒதுக்குவதும், இருக்கிற ஒரே ஏக்கரை ஒருவர் 50 ஆண்டுக்கு ஒதுக்குவதும் ஒன்றா? மகள் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ போனால், இத்தனை நிபந்தனையோடு யார் எடுப்பார்கள்? அவர் வாழ்நாளில் காலாவதியாகாத ஒப்பந்தம் அது.

நிலமே இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். நெல் வயல் தோப்பானால் நடவும் களையெடுப்பும் அறுப்பும் போய்விடும். அந்த வேலை நாட்களை இழப்பவர்களில் பெரும்பகுதி சேரிப் பெண்கள். வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவருக்கும் இதே கதிதான். குத்தகையைப் பதிவு செய்ய 1969இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தும், ஊர்களில் இன்றும் வாய்ப்பேச்சுதான் பத்திரம். உடைமையாளர் கார்பன் நிறுவனத்தோடு கையெழுத்திட்ட மறுநாள் அவர் வெளியேற வேண்டியதுதான். இழப்பீட்டுக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவார்?

எல்லாவற்றுக்கும் மேலாகப் பஞ்சமி நிலம் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் காலனி அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க முடிவெடுத்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. இதுவும் நிலத்தோடு சேர்ந்து போகும் கடமைதான். மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் எவ்வளவு இன்று யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் அரசு பதிவேட்டைப் புரட்டுகிறது. காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

மரம் நின்றிருக்கிறதா என்று செயற்கைக்கோள் வைத்து ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க முடியும் என்கிறார்கள். 130 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த நிபந்தனையைக் கண்காணிக்க மட்டும் ஏன் முடியவில்லை? ஆதிக்கச் சாதியினரின் கைக்குப் போன பஞ்சமி நிலத்தில் நாளை 'நிரந்தரக் காடு' பதிவானால், அந்த ஆக்கிரமிப்புக்கு இன்னொரு 50 ஆண்டு ஆவணம் கிடைத்துவிடும். மீட்கப் போனால், மரம் வெட்ட வந்தவர்கள் என்ற பழியும் நம்மீதே விழும்.

எனவே கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். எந்த நிலத்தையும் கார்பன் திட்டத்தில் பதிவதற்கு முன் அதன் மூல ஆவணம் பார்க்கப்பட வேண்டும், பஞ்சமி என்றால் மீட்பு முதலில், மரம் பிறகு. கிரெடிட் வருமானத்தில் ஒரு பங்கு, வேலை இழக்கும் கூலித் தொழிலாளருக்கும் குத்தகைதாரருக்கும் சட்டப்படி சேர வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கைத் தனியார் காடாகக் காட்டி வேலி போடக் கூடாது. மீட்கப்பட்ட நிலத்தில் நெல்லா மரமா என்பதை அந்த மக்களே கூடி முடிவு செய்யட்டும். விளைநிலத்தை அரசுடைமையாக்கிச் சாதி வேறுபாடின்றிக் கூட்டுப் பண்ணைகளிடம் கொடுக்க வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில் முன்வைத்தார். கார்பன் காலத்தில் அதை மீண்டும் எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

காலநிலை மாற்றத்தின் வெயிலையும் வெள்ளத்தையும் முதலில் தாங்குவது வயலில் நிற்கும் உடல்கள்தான். மரம் வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எந்த நிலத்தில், யார் பெயரில் என்ற கேள்விக்குத்தான் பதில் வேண்டும். உங்கள் ஊரில் மரம் நட ஒப்பந்தத்தோடு யாராவது வந்தால், கன்றைப் பார்ப்பதற்கு முன் சர்வே எண்ணைக் கேளுங்கள்.