யசோதைக்கு ஆள் தேவை

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூருவின் குமரகிருபா சாலையில் வண்டிகள் ஓடுவதில்லை. கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் நடத்திவரும் சித்திரச் சந்தைக்காகச் சாலையையே ஓவியர்களிடம் விட்டுவிடுகிறார்கள். தஞ்சாவூர், மைசூர் பாணிப் படங்களுக்கு அங்கே எப்போதும் கிராக்கி உண்டு. தங்க ரேக்கு மின்ன, யசோதை மடியில் வெண்ணெய்க் கையோடு கண்ணன். பேரம் பேசி வாங்கிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு வளர்ப்புத் தாயின் படம் என்று தோன்றும்?

2025 சந்தை பெண் குழந்தைகளுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டது. அதே நகரில், ஓசூர் சாலையில் அரசு பால மந்திரம் இருக்கிறது. இத்தகைய இல்லங்களில் வளர்கிறவர்கள் எல்லோரும் அநாதைகள் அல்ல. அப்பா சிறையில், அம்மா தீராத நோயில், அல்லது இருவரும் இருந்தும் வளர்க்க வக்கில்லாத நிலை என்று பல கதைகள். பெற்றோர் உயிரோடு இருப்பதாலேயே பலரைத் தத்துக் கொடுக்கவும் முடியாது. இவர்களுக்காகத்தான் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 44வது பிரிவு வளர்ப்புப் பராமரிப்புக்கு வழி செய்தது. குழந்தை இன்னொரு குடும்பத்தில் வளரும்; ஆனால் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாகிவிடாது. குழந்தைகள் நலக் குழு மாதாமாதம் வந்து பார்க்க வேண்டும். குழந்தைக்குக் கெடுதல் இல்லை என்றால் பெற்றவர்களும் வந்து பார்க்கலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. தத்து என்றால் எல்லோருக்கும் தெரியும். இது தெரியாது.

தெரியவைக்கக் கலையைக் கையில் எடுக்கலாமே என்றால், முதல் அடியிலேயே ஒரு முட்டுக்கட்டை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2001இல் ஒரு யோசனை பிறந்தது. வளர்ப்புப் பராமரிப்பில் இருந்து தத்துக்குக் காத்திருந்த குழந்தைகளை நல்ல புகைப்படக் கலைஞர்கள் படம் எடுத்தார்கள். அரசுக் கோப்பில் ஒட்டும் சோகமான படங்கள் அல்ல. சிரிக்கிற, குதிக்கிற படங்கள். சாண்டா ஃபே நகரின் ஒரு கலைக்கூடத்தில் அவற்றை மாட்டினார்கள். 'ஹார்ட் கேலரி' என்ற அந்த முயற்சி பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. பெங்களூருவில் இதைச் செய்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். சட்டத்தின் 74வது பிரிவுப்படி இத்தகைய குழந்தையின் பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் சரியாகத்தான் சொல்கிறது. பத்து வயதில் சுவரில் மாட்டிய முகம் இருபது வயதில் வேலைக்குப் போகும் இடத்துக்கும் கூடவே வரும். போதாததற்கு, பரிதாபப் படத்துக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. அதைப் பார்த்தவர்கள் பிறந்த நாளன்று இல்லத்துக்குப் போய்க் கேக் வெட்டி, சாப்பாடு போட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மறுநாள் காலை அந்தக் குழந்தைக்குத் தலை வாரிவிட ஆள் வேண்டுமே!

முகத்தை விட்டுவிட்டும் கலையால் பேச முடியும். பெங்களூருவில் சிற்பி ஜான் தேவராஜ் தொடங்கிய 'பார்ன் ஃப்ரீ' கலைப்பள்ளி, வேலைத்தளங்களிலிருந்து மீட்ட குழந்தைகளின் கையிலேயே நாடகத்தையும் சிற்பத்தையும் கொடுத்தது. அங்கே குழந்தை காட்சிப் பொருள் அல்ல, கலைஞர். பால மந்திரக் குழந்தைகளின் ஓவியங்களைப் பெயர் போடாமல் சித்திரச் சந்தையில் வைப்பதற்கும் சட்டம் குறுக்கே நிற்காது.

இன்னொரு வழி, வளர்க்கிறவர்களின் பக்கம் திரும்புவது. லண்டனில் 1739இல் தொடங்கிய கைக்குழந்தைகள் காப்பகம், சிசுக்களைக் கிராமத்துச் செவிலித் தாய்களிடம் அனுப்பி, ஐந்து வயதுவாக்கில் திரும்ப அழைத்துக்கொண்டது. ஓவியர் ஹோகார்த்தும் மனைவியும் அத்தகைய குழந்தைகளைத் தங்கள் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள். 1746இல் அவர் காப்பகத்துக்காக வரைந்த படத்தில், சிறுவன் மோசேயை இளவரசியிடம் ஒப்படைக்கிறார்கள். பையன் வளர்த்தவளின் சேலைத்தலைப்பைப் பிடிப்பதுபோல அவள் உடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் அவளுக்குக் கூலி எண்ணிக் கொடுக்கிறார்கள். வளர்ப்புப் பராமரிப்பின் வலி முழுக்க அந்தக் கூலியில் இருக்கிறது.

தமிழில் இதை எப்போதோ பாடிவிட்டார்கள். பெரியாழ்வார் யசோதையாகி நீராட்டினார், நிலாவைக் கூப்பிட்டார். குலசேகர ஆழ்வாரோ, பெற்றும் வளர்க்கக் கொடுத்துவைக்காத தேவகியாகிப் புலம்பினார். ஒரே குழந்தை, இரண்டு தாய். யசோதையைத் தங்க ரேக்கில் வரைகிறவர்கள், கண்ணன் மதுரா போன பிறகு அவள் எப்படி இருந்தாள் என்பதை ஏன் அதிகம் வரைவதில்லை? வளர்க்க முன்வருகிறவர்களைத் தயங்க வைப்பது அந்தக் கேள்விதான். அதை மூடி மறைக்கிற படம் விளம்பரம் ஆகலாம், விழிப்புணர்வு ஆகாது.

விதிகள் சற்றுத் தளர்ந்திருக்கின்றன. 2024இல் திருத்திய வழிகாட்டுதல்படி 35 முதல் 60 வயது வரையுள்ள தனி நபர்களும் விண்ணப்பிக்கலாம். ஆண் என்றால் ஆண் குழந்தையை மட்டும். குழந்தை சட்டப்படி தத்துக்கு உரியதாகிவிட்டால், ஐந்து ஆண்டுக்குப் பதில் இரண்டே ஆண்டு வளர்த்தபின் தத்துக் கேட்கலாம். அண்ணன் தங்கையை முடிந்தவரை ஒரே வீட்டில் வைக்க வேண்டும் என்கிறது சட்டம். விண்ணப்பத்தை அதற்கான இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்; மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அதைப் பரிசீலிக்கும்.