எம்.ஏ. படிப்பும் அடிமைப் புத்தியும்

விளாத்திகுளம் வட்டாரத்தில் மிளகாய் வத்தலும் உளுந்தும் விற்ற காசில் மகனையும் மகளையும் காலேஜுக்கு அனுப்பும் சம்சாரிகள் இன்று அநேகர் இருக்கிறார்கள். அப்பிள்ளைகளில் சிலர் எம்.ஏ. வகுப்பில் ஆங்கில இலக்கியம் படிக்கிறார்கள். அதில் பின்காலனிய இலக்கியம் என்றும், உலக இலக்கியம் என்றும் பாடங்கள் உண்டு. “இது என்ன படிப்பு? இதனால் என்ன பிரயோஜனம்?” என்று பெற்றோர் கேட்பது நியாயமேயாகும். உத்தியோகத்துக்கு ஒரு பட்டம் வேண்டும் என்பது மாத்திரமானால் எதைப் படித்தாலும் ஒன்றுதான். ஆனால் இந்தப் படிப்புக்கு அதற்கு மேலும் ஒரு யோக்கியதை உண்டென்பது நமது அபிப்பிராயம்.

வெள்ளைக்காரன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்தது 1801-ல். கோட்டையை இடிப்பதால் மாத்திரம் ஒரு தேசத்தை ஆண்டுவிட முடியாது. ஆளப்படுகிறவன் தன்னைத் தானே மட்டமாக நினைக்கும்படி செய்தாக வேண்டும். அந்தக் காரியத்துக்குத்தான் 1835-ல் மெக்காலே துரையின் கல்வித் திட்டம் வந்தது. நாம் இங்கிலீஷை வெறுப்பவர்கள் அல்ல. சூத்திரனும் பஞ்சமனும் படிக்கவே கூடாது என்று சொன்ன சாஸ்திரத்தைவிட, வந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் எத்தனையோ மடங்கு மேலானது. ஆனால் அந்த இங்கிலீஷோடு கூடவே, “எஜமான் எழுதியதே இலக்கியம்” என்ற எண்ணமும் வந்து சேர்ந்தது. அந்த எண்ணத்தை ஆளப்பட்டவனே எழுந்து நின்று கேள்வி கேட்பதுதான் பின்காலனிய இலக்கியம் என்பதன் சாரம்.

இதற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா தேசமே நல்ல உதாரணம். 1968-ல் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் கூகி வா தியாங்கோ முதலிய மூவர், “நம் தேசத்துக் கல்லூரியில் ஆங்கில இலாகா ஏன் நடுநாயகமாக இருக்க வேண்டும்? ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைத்து மற்றவற்றை அதைச் சுற்றி வை” என்று கேட்டார்கள். பிறகு 1977-ல் கூகி தம் தாய்மொழியான கிக்கூயுவில், கிராமத்துக் குடியானவர்களும் கூலிக்காரர்களும் தாங்களே நடிக்கும் நாடகம் ஒன்றை மற்றொருவரோடு சேர்ந்து எழுதினார். அதற்குக் கிடைத்த வெகுமதி, விசாரணை இல்லாமல் ஏறக்குறைய ஒரு வருஷம் ஜெயில்! காகிதம் கிடைக்காத அவர் கழிப்பறைத் தாளில் நாவல் எழுதினார். அவரை ஜெயிலில் போட்டது யார்? வெள்ளைக்காரனா? அல்ல. அவன் 1963-லேயே போய்விட்டான். போட்டது சொந்த தேசத்துச் சர்க்கார். எஜமான் போய்விட்டாலும், கேள்வியைக் கண்டு பயப்படும் புத்தி போகவில்லை என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

நிற்க, நம் பக்கத்துச் சேதிக்கு வருவோம். இப்பகுதிக் கல்லூரிகள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அங்கே 2017 முதல் எம்.ஏ. ஆங்கில இலக்கியத்துக்கு அருந்ததி ராய் எழுதிய “வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்” என்ற புத்தகம் பாடமாக இருந்தது. தண்டகாரணியக் காட்டில் மாவோயிஸ்டுகளோடு நடந்து, அங்குள்ள ஆதிவாசிகளின் நிலைமையைப் பற்றி எழுதியது அது. அது மாவோயிஸ்டுகளைப் பெருமைப்படுத்துகிறது என்று அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத் புகார் செய்தது. கமிட்டி கூடியது, 2020 நவம்பரில் பாடம் போய்விட்டது. அந்த இடத்தில் மா. கிருஷ்ணன் என்பவர் இயற்கையைப் பற்றி எழுதிய கட்டுரைகள் வைக்கப்பட்டன. அவர் நல்ல எழுத்தாளர், திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் மாதவய்யாவின் மகன். பறவையையும் மிருகத்தையும் பற்றிப் படிப்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் பறவை பேச வந்தால்தான் காட்டு மனிதன் வாயை மூட வேண்டும் என்பது என்ன நியாயம்? இரண்டையும் வைத்தால் என்ன முழுகிப்போகும்?

இதோடு நின்றதா? 2021-ல் டில்லி பல்கலைக்கழகத்தில் பாமா, சுகிர்தராணி என்ற இரண்டு தமிழ்ப் பெண்களின் எழுத்தும், மகாசுவேதா தேவியின் கதையும் ஆங்கில வகுப்புப் பாடத்திலிருந்து நீக்கப்பட்டன. காட்டிலிருப்பவன் கஷ்டம், சேரியிலிருப்பவள் கஷ்டம் இவைகளைச் சொல்லும் எழுத்துகள் மாத்திரம் ஒவ்வொன்றாகக் காணாமல் போவானேன் என்று நாம் கேட்கிறோம்.

“அந்தப் புத்தகம் வாலிபர்களைக் கெடுத்துவிடுமே” என்று சிலர் சொல்லலாம். எம்.ஏ. படிக்கிறவன் ஓட்டுப் போடுகிற வயதுள்ளவன். மந்திரியைத் தேர்ந்தெடுக்கப் புத்தி உள்ளவனுக்கு ஒரு புத்தகத்தைப் படித்து நல்லது கெட்டது பிரித்தறியப் புத்தி இல்லாமல் போய்விடுமா? புராணங்களைப் பக்தர்கள் படித்ததைவிட நாம் அதிகமாகப் படித்திருக்கிறோம். அதனால் நாம் பக்தர்களாகிவிட்டோமா? நாளைக்குக் கம்பராமாயணத்தை ஒரு வகுப்பிலிருந்து இப்படிப் புகாரின் பேரில் எடுத்தாலும் நாம் ஒப்பமாட்டோம். அது வகுப்பில் இருக்கட்டும்; மாணவர்கள் அதைக் கேள்வி கேட்கட்டும்.

1943-ல் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று அண்ணாதுரை சொன்னார். கூடாது என்றார்கள் ரா.பி. சேதுப்பிள்ளையும், எட்டயபுரத்தில் பிறந்த நாவலர் சோமசுந்தர பாரதியாரும். சென்னையிலும் சேலத்திலும் பொதுமேடையில் வாதம் நடந்தது. கொளுத்தச் சொன்னவரும் அதைப் படித்துவிட்டு வந்து, எதிரியின் முகத்துக்கு நேரே காரணம் சொன்னார். காரணம் கேட்ட ஜனங்கள் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். அது மனிதர்கள் செய்யும் காரியம். வகுப்பில் வாதம் நடக்கவிடாமல், புகார் மனுவைப் பார்த்த மாத்திரத்தில் புத்தகத்தைத் தூக்கிவிடுவது எந்த ரகத்தைச் சேர்ந்த காரியம்?

ஆகவே, பாடத்தைச் சேர்ப்பதற்கும் எடுப்பதற்கும் காரணத்தைப் பகிரங்கமாக எழுதி வெளியிட வேண்டும் என்று பெற்றோரும் மாணவரும் கேட்க வேண்டும். நம் ஊர்ப் படிப்பகங்கள் நீக்கப்பட்ட புத்தகங்களை முதலில் வாங்கி வைக்க வேண்டும். மாணவத் தோழர்களே! நோட்ஸை நெட்டுருப்போட்டு மார்க்கு வாங்குவதோடு நின்றுவிடாதீர்கள். கென்யாவில் குடியானவன் நாடகத்துக்கு ஏன் ஜெயில் என்று கேட்கக் கற்ற வாயால், நம் ஊரில் தெருவுக்கொரு சுடுகாடு ஏன் என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுக்காத படிப்பு எம்.ஏ. ஆனாலும் அடிமைப் படிப்பே என்பது நமது முடிவு.