அகமும் முகப்பும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. அகம் என்னும் சொல் உள்ளத்தைக் குறிக்கும்; உள்ளிடத்தைக் குறிக்கும்; வீட்டையும் குறிக்கும். வீட்டின் முன்பகுதியை முகப்பு என்பர். ஆதலின், மாந்தரை நோக்கி எழுந்த இப்பழமொழி, அவர் வாழும் மனைக்கும் நன்கு பொருந்துவதாகும். நல்லார் ஒருவரின் உள்ளமும் முகமும் மாறுபடா. நன்கு கட்டிய வீட்டின் உள்ளும் புறமும் அத்தகையனவே.

உள்ளும் புறமும் ஒத்தல் என்பது, இரண்டிற்கும் ஒரே வண்ணம் தீட்டுதல் அன்று. வாயிற்கதவின் பூவேலைப்பாட்டை நாற்காலியிலும் செதுக்குவித்தல் அன்று. புறத்தை எக்காரணம் வகுத்ததோ அக்காரணமே அகத்தையும் வகுத்தல் வேண்டும். அவ்வூரின் வெயில், மழை, கிடைக்கும் கல், மண், மரம், வாழ்வோர் தொகை, அவர்தம் பொருள்நிலை ஆகியவையே அக்காரணங்கள். இவற்றினின்று பிறக்கும் அழகு நிலைக்கும். இவற்றை மறந்து ஒட்டவைத்த அழகு உதிரும்.

இதற்குச் செட்டிநாட்டு இல்லங்கள் சிறந்த எடுத்துக்காட்டாகும். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை முதலிய ஊர்களில், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, நகரத்தார் பெருமனைகள் பலவற்றைக் கட்டினர். பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளிற் சென்று ஈட்டிய பொருளே அம்மனைகளாக உருப்பெற்றது. உயர்ந்த அடித்தளமும், நெடிய சுவரும், அகன்ற திண்ணையும் புறத்தே தோன்றும். நிலைவாயிலைக் கடந்தால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என ஒன்றன்பின் ஒன்றாக வீடு நீண்டு செல்லும். பல வீடுகளில், ஒரு தெருவில் உள்ள தலைவாயிலில் நின்று நோக்குவார்க்கு, மறு தெருவில் உள்ள பின்வாயில் நேரே தெரியும். வெளியே காணும் நீளம் உள்ளேயும் நீளமாகவே இருத்தலைக் காண்க.

அந்நாடு வெயில் மிக்கது, மழை குறைந்தது. அதற்கேற்ப நடுவே வானம் நோக்கிய முற்றம் அமைந்தது. சரிந்த ஓட்டுக்கூரை புறத்தே அழகு தரும். அச்சரிவே மழைநீரை முற்றத்திற் சேர்க்கும். அந்நீரைப் பெருங்கிடாரங்களிற் பிடித்து வைப்பர். முற்றத்தைச் சூழ்ந்த அறைகள், மணமான மைந்தர் ஒவ்வொருவர்க்கும் ஒன்றாக வகுக்கப்பட்டன. சுண்ணாம்புச் சாந்துடன் முட்டையின் வெண்கருவும் சேர்த்து மெருகிட்ட சுவர், கண்ணுக்கு வழுவழுப்பாகவும் கைக்குக் குளிர்ச்சியாகவும் விளங்கும். முகட்டின் மேல் சுதையால் அமைந்த திருமகள், நிலைக்கதவின் மேல் மரச்சிற்பமாகவும் காட்சி தருவாள்.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்களும் அத்தகையனவே. அவை சூளையிற் சுடப்படுவன அல்ல. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சினை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து உலர்த்துவர். கண்ணாடியின் வழவழப்பே கல்லின் பளபளப்பாக வந்து படியும். வீட்டார் நடக்க நடக்க அது மேலும் மெருகேறும்.

“அவ்வில்லங்களிலும் அயல்நாட்டுப் பொருள்கள் நிரம்பியுள்ளனவே! பர்மாத் தேக்கும், இத்தாலிச் சலவைக்கல்லும், பெல்ஜியம் நிலைக்கண்ணாடியும் செட்டிநாட்டில் விளைந்தனவோ?” எனச் சிலர் வினவலாம். வினா தக்கதே. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. அப்பொருள்கள் கடல் கடந்து வந்தன. வந்தபின் வீட்டின் ஒழுங்கிற்கு அடங்கின. பர்மாத் தேக்கு தூணாகித் தாழ்வாரத்தைத் தாங்கிற்று. சலவைக்கல் தரையாகிக் குளிர்ச்சி தந்தது. பிறநாட்டுப் பொருள் புகுதல் குற்றமன்று. அப்பொருளுக்காக வீடு தன் இயல்பை இழத்தலே குற்றம்.

அக்குற்றம் இக்காலத்தே பெருகி வருகின்றது. குளிர்நாட்டுக் கட்டடங்களின் படத்தைக் கண்டு, மேற்கு நோக்கிய முகப்பு முழுவதையும் கண்ணாடியால் அமைப்பாருளர். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உட்புகுந்த வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. பிற்பகலில் அறை அடுப்பென வெதும்பும். உடனே தடித்த திரையிட்டுக் கண்ணாடியை மறைப்பர். மறைத்தமையால் இருண்ட அறைக்குப் பகலிலேயே விளக்கேற்றுவர். வெம்மை தணியக் குளிரூட்டும் பொறியை இயக்குவர். ஒளி வேண்டி வைத்த கண்ணாடிக்கு ஒரு செலவு. அவ்வொளியைத் தடுக்கும் திரைக்கு மற்றொரு செலவு. திங்கள்தோறும் மின்கட்டணம் வேறு. இவ்வீட்டில் புறம் கூறுவதை அகம் மறுக்கின்றது. இடையில் அல்லற்படுவார் வீட்டாரே.

இதனினும் வருந்தத்தக்க செயல் மற்றொன்று உண்டு. 1942-ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் நகரத்தார் வாணிகம் தளர்ந்தது. குடும்பங்கள் பல ஊர்களிற் பரவின. ஒரு மனைக்குப் பலர் உரியராயினர், பேணுவார் குறைந்தனர். அதனால் பல மனைகள் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் நிலையும் தனித்தனியே பழம்பொருட் கடைகளில் விலைக்கு வந்தன. அவற்றை வாங்கி நகர்ப்புற மாடிவீட்டின் வரவேற்பறையில் நிறுத்துதல் இன்று பெருமையாகக் கருதப்படுகின்றது. தூணின் தொழில் தாங்குதல். மேலே கற்காரைக் கூரை தானே நிற்க, கீழே எதையும் தாங்காது நிற்கும் தூண் வெறும் மரமே. அங்கே ஓர் அறை அழகு பெற்றதாக எண்ணுவர். இங்கே ஒரு வீடு அழிந்தது. வாங்குவார் உள்ளமட்டும் பிரிப்பாரும் இருப்பர் என்பதை மறத்தலாகாது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. சில மனைகள் விடுதிகளாகிப் பிழைத்தன. எஞ்சியவை பேணுவாரை எதிர்நோக்கி நிற்கின்றன.

“இவையெல்லாம் செல்வர்க்குரிய செய்தி, சிறிய மனையில் எளிய வீடு கட்டுவார்க்கு இவற்றாற் பயன் என்?” என்பாரும் உளர். அவர்க்கு விடையாகக் கேரள நாட்டில் ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவையே தம் நாடாகக் கொண்ட லாரி பேக்கர் (1917–2007) என்னும் கட்டடக் கலைஞர், திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, குறைந்த செலவில் பல இல்லங்களை எழுப்பினார். செங்கற்சுவரைச் சாந்து பூசி மறைக்காது விட்டார். செங்கற்களை இடையிட்டு அடுக்கித் துளைச்சுவர் அமைத்தார். அச்சுவர் புறத்தே அணியாகும். அகத்தே காற்றும் ஒளியும் தரும் சாளரமாகும். பூச்சுச் செலவும் மிஞ்சும். உள்ளும் புறமும் ஒன்றாதல் செல்வத்தால் வருவதன்று, சிந்தனையால் வருவது என்பதற்கு இது போதிய சான்று.

இக்காலத்து வீடுகள் யாவும் முற்றமும் வளவும் உடையனவாதல் இயலாது, வேண்டுவதும் அன்று. குடும்பம் சிறிதாயிற்று, நிலமும் சுருங்கிற்று. செட்டிநாட்டு முன்னோரிடம் கற்கத்தக்கது அவர்தம் தூண் அன்று; அத்தூணை அவ்விடத்தே நிறுத்திய அறிவு. வெயில் எப்பக்கம் விழுகின்றது, காற்று எவ்வழி வருகின்றது, மழைநீர் எங்குச் செல்கின்றது, வீட்டில் வாழ்வார் எத்துணையர் என்பவற்றை முதலில் ஆராய்ந்து, பின்னர்க் கட்டுவார் முகப்பிற்குத் தனியே அழகு தேடி அலையார். நாளை வீடு கட்டவிருக்கும் இளைஞர் இதனை இன்றே உணர்வாராக.