கரண்டு வைக்க நாள் பார்ப்பதா?

நல்லம்பள்ளிச் சந்தையில் ஆடு வாங்கப் போகிற நமது குடியானவன் ஆட்டின் ஜாதகத்தைக் கேட்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். முதுகைப் பிடித்துப் பார்க்கிறான். பிறகே விலை பேசுகிறான். ஆனால், அதே மனிதனுக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டு, டாக்டர் "கரண்டு வைக்கவேண்டும்" என்று சொல்லிவிட்டால், அது கேட்குமா கேட்காதா என்று அறிய ஜோசியனிடம் ஓடுகிறான். ஆட்டுக்குள்ள யோக்கியதைகூடத் தன் தொண்டைக்கு இல்லையென்பது இவன் அபிப்பிராயமா என்று கேட்கிறோம்.

கரண்டு கேட்குமா என்பதை முன்கூட்டிக் கணிக்க வழியில்லாமலில்லை. கட்டி எவ்வளவு பெரிது, கழுத்துக்கு இறங்கிவிட்டதா, ரத்தம் குறைவா, பீடியை விட்டானா என்பவைதான் அதற்குரிய கட்டங்கள். பிராணவாயு எட்டாத புற்று அணுக்களைக் கொல்ல மூன்று மடங்குவரை கதிர் வேண்டும் என்பதை இங்கிலாந்தில் கிரே என்பவரும் அவரது சகாக்களும் 1953-லேயே எடுத்துக்காட்டினார்கள். பீடிப் புகையும் சோகையும் அந்தப் பிராணவாயுவைத்தான் குறைக்கின்றன. ஹெச்.பி.வி. என்னும் கிருமியால் வந்த தொண்டைப் புற்றுள்ளவர்களில் நூற்றுக்கு 82 பேரும், கிருமியில்லாதவர்களில் 57 பேரும் மூன்று வருஷத்துக்குப் பின் உயிருடன் இருந்ததாக 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி சொல்லுகிறது. நமது நாட்டிலோ பெரும்பாலும் புகையிலையே காரணம்.

டாக்டர் நூறு பேருக்குத்தான் கணக்குச் சொல்லுவார். உனக்கென்று சத்தியம் செய்யமாட்டார். அதுதான் அவரது நாணயம். ஜோசியனோ உனக்கே சத்தியம் செய்வான். தப்பினால் கிரகத்தின்மேல் போடுவான்.

நிற்க. கரண்டு சாதாரணமாக வாரத்துக்கு 5 நாளாக 7 வாரம், ஆக 35 தடவை வைக்கப்படுவது. இடையில் விட்டால் மிச்சமுள்ள புற்று அணுக்கள் பெருகிவிடும். சிகிச்சை ஒரு நாள் நீண்டால் நோய் அடங்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒரு பங்குக்குமேல் குறைகிறது. ஏழு வாரத்துக்குள் அஷ்டமியும் நவமியும் மும்மூன்று தடவையாவது வரும்; அமாவாசையும் சந்திராஷ்டமமும் வேறு. இவ்வளவையும் தள்ளிவிட்டால் கரண்டு எப்படிக் கேட்கும்? பிறகு "கேட்காது என்று அன்றே சொன்னேனே" என்கிறான் ஜோசியன். கொள்ளி வைத்தவனே வீடு எரியுமென்று ஜோசியம் சொன்ன கதையல்லவா இது?

ஜோசியனை மாத்திரம் குற்றஞ்சொல்லிப் பயனில்லை. ஏழு வாரம் கூலியை விட்டுச் சேலத்திலோ சென்னையிலோ தங்க ஏழைக்குக் காசு ஏது? பஸ் செலவும், தங்க இடமும், சோறும் கொடுப்பது தர்மமல்ல. அதுவும் வைத்தியமே என்று சர்க்கார் உணரவேண்டும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பரிகாரம் செய்துகொண்டிருக்கவில்லை. 1954-இல் அடையாறில் ஆஸ்பத்திரி கண்டார்.

ஆகவே தோழர்களே! நாள் பார்க்காதீர்கள், வைத்த நாட்களை எண்ணுங்கள். ஒரு நாள் தவறினால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதை ஈடுசெய்ய அவருக்கு வழி தெரியும். ஜோசியனுக்குத் தெரியாது.