பூக்கடைக்கு ஓர் இடம்

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று ஒரு வசனம் நம்மவர் வாயில் அடிக்கடி அடிபடுகிறது. இதை முதன்முதலில் சொன்ன மகானுபாவர் பூ வாங்கியிருப்பார்; விற்றிருக்க மாட்டார். பூவின் வாசனை பத்தடி தூரம் போகும். வாடகை கேட்க வருகிறவரோ எத்தனை தூரமானாலும் மாதம் தவறாமல் வந்து சேருவார். அந்தப் பத்தடிக்குள் ஜனநடமாட்டம் இருக்கிறதா, நடமாடுகிறவர்களுக்கு நின்று பார்க்க அவகாசம் உண்டா என்று அறிந்து இடம் பிடிப்பதிலேயே இந்த வியாபாரத்தின் பாதி அடங்கியிருக்கிறது.

நம்மிடம் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி நாகர்கோவிலில் சிறு பூக்கடை ஒன்று திறக்க ஏற்பாடு செய்து வருகிறாள். கணவனை இழந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று இருக்கிறது. பிறந்த வீட்டில் போட்ட நகையை அடகு வைத்துப் பெற்ற பணமே மூலதனம். தோவாளைப் பக்கத்தில் பிறந்தவளாதலால் பூக்கட்டத் தெரியும். இடம் பார்க்க நம்மையும் துணைக்கு அழைத்தாள். அவளோடு சுற்றியதில் நாம் கண்டவை, சிறு முதலைக் கையில் வைத்துக்கொண்டு தொழில் தொடங்க எண்ணும் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்று இங்கே எழுதுகிறோம்.

நாஞ்சில் நாட்டில் பூவென்றால் தோவாளைதான். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் போனால் ஊர் வந்துவிடும். ஊர் விழிக்குமுன் சந்தை விழித்துவிடுகிறது. பிச்சி, மல்லிகை, அரளி, சம்பங்கி, கேந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, துளசி, கொழுந்து, நாஞ்சில் நாட்டுக் குளங்களில் பறித்த தாமரை ஆகிய எல்லாம் அங்கே குவிகின்றன. உள்ளூர் விளைச்சல் போதாமல் மதுரைப் பக்கத்திலிருந்தும் ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் பூ வருகிறது. வந்த பூவில் பெரும் பகுதி மலையாள நாட்டுக்குப் போகிறது. அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்துக் கோத்து அவ்வூரார் கட்டும் மாணிக்கமாலைக்கு 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலுக்கு அம்மாலை செல்வது பழைய வழக்கம்.

இவ்வளவு பெரிய சந்தை பக்கத்தில் இருப்பது கடை வைப்பவருக்கு அதிர்ஷ்டம் என்று தோன்றும். பாதிதான் அதிர்ஷ்டம். விலை மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதே மலிவு வாடிக்கைக்காரருக்கும் தெரியும். கல்யாண வீட்டார் பத்துக் கிலோ வேண்டுமென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே தோவாளைக்கே போய்விடுகிறார்கள். ஆகையால் நாகர்கோவிலில் உதிரிப் பூவை மட்டும் நம்பிக் கடை வைக்கக்கூடாது. தோவாளையில் கிடைப்பது பூ. கடையில் கிடைக்க வேண்டியது கைவேலை. சரமாகத் தொடுத்தது, மாலையாகக் கட்டியது, குறித்த வேளையில் வாசலில் கொண்டு சேர்த்தது ஆகிய இம்மூன்றுக்கும்தான் ஜனங்கள் காசு கொடுப்பார்கள். கடைக்கு இடம் தேடும்போது, பூ வைக்க எவ்வளவு இடம் என்று கேட்பதற்கு முன், பூக் கட்டுகிறவர் வெயில் படாமல் உட்கார எவ்வளவு இடம் என்று கேட்க வேண்டும்.

முதலில் வடசேரிப் பஸ் நிலையத்தை ஒட்டிய ஓர் அறையைப் பார்த்தோம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் கடந்து போகிறார்கள். கடந்துதான் போகிறார்கள், நிற்பதில்லை. அவர்கள் கண் பஸ்ஸின் பலகைமேல் இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகும் பெண்கள் ஒரு முழம் வாங்கக்கூடும். மாலைக்கு ஆர்டர் கொடுக்க யாரும் பஸ் நிலையத்துக்கு வருவதில்லை. போதாததற்கு அறை மேற்குப் பார்த்தது. பிற்பகல் வெயில் முழுவதும் உள்ளே விழும். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் பாயும் மேல்காற்றும் நேரே உள்ளே புகும். முப்பந்தலில் வரிசை வரிசையாக நின்று காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுத்தான். அது மின்சாரத்துக்கு நல்லது, மல்லிகைக்கு நல்லதல்ல. அம்மியை அது பறக்கவிடுகிறதோ இல்லையோ, பூவின் ஈரத்தை ஒரு நாழிகையில் உறிஞ்சிவிடும். வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த கடையே பூவுக்கு உகந்தது. வாஸ்துவை நம்புகிறவர்கள் நம்பட்டும். நாம் சொல்வது வெயில் கணக்கு.

இரண்டாவது இடம் நாகராஜா கோயிலின் அருகே. ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூட்டம் கட்டுக்கடங்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள். வாடகையோ மாதம் 30 நாளுக்கும். மேலும் பல ஆண்டுகளாக அங்கே பூ விற்பவர்கள் வாடிக்கையைப் பிடித்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் விலையைக் குறைத்துத்தான் இடம் பிடிக்க முடியும். குறைக்கிறவரிடம் குறைப்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா?

மூன்றாவது, சாலையை விட்டுச் சற்று உள்ளே, இரண்டு தெருக்கள் கூடும் முனை. ஒரு பக்கம் பலசரக்குக் கடை, மறுபக்கம் தையற்கடை. நடந்து போகும் தூரத்தில் ஒரு கல்யாண மண்டபமும் ஒரு மாதா கோயிலும் இருக்கின்றன. ஜனங்கள் தொகை வடசேரியில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் இங்கே வருகிறவர்கள் வீடு திரும்புகிறவர்கள். பருப்பு நிறுக்கும் வரையில் பெண்கள் நிற்கிறார்கள். நிற்கும்போது பக்கத்தில் பார்க்கிறார்கள். தண்ணீர்க் குழாய் உண்டு. சாக்கடை மூடியிருக்கிறது. மீன் விற்பவர் யாரும் அருகில் இல்லை. வாடகை ஏறக்குறைய பாதி.

இடம் பார்க்கிற எவருக்கும் நாம் ஒரு பாடம் சொல்லுவோம். மூன்று நாட்கள், காலை, பிற்பகல், மாலை என மூன்று வேளையும் அங்கே போய் நின்று எண்ண வேண்டும். போகிறவர்களை எண்ணாமல், நடையைத் தளர்த்துகிறவர்களை எண்ண வேண்டும். அந்த மூன்று நாட்களில் ஒன்று வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும்.

இடம் அமைந்துவிட்டால் உடனே முன்பணத்தை நீட்டிவிடக் கூடாது. வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் இவ்வாறு விதிக்கிறது. வேறு விதமாக இருவரும் ஒப்புக்கொண்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. கடை முகப்பில் கூரை இறக்கிக்கொள்ளலாமா, தண்ணீர்க்காசு யாருடையது, விடியற்காலையில் கதவு திறக்க ஆட்சேபமுண்டா என்பவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். நகை அடகுக்கடையில் இருக்கும்போது வாய்ச்சொல்லை நம்புவது பெருந்தன்மையாகாது. நாகர்கோவில் 2019 முதல் மாநகராட்சியாகிவிட்டது. அதன் அலுவலகத்தில் தொழில் உரிமத்தைப் பற்றி முன்கூட்டியே விசாரித்துவிடுவதும் நல்லது.

தட்டுமுட்டுச் சாமான்களுக்கு அதிகச் செலவில்லை. இரண்டு கடவம், தராசு, அகலமான பலகை, ஊறவைத்த வாழைநார், ஈரச் சாக்கு, வெள்ளைத் துணி, வாழை இலை ஆகியவை போதும். பூவின்மேல் தண்ணீரைக் கொட்டுவதைப் பலர் பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். அது அழுகலுக்கு அழைப்பு. சுற்றிலும் ஈரம் இருக்க வேண்டும். பூ நனைந்து கிடக்கக்கூடாது. மல்லிகையையும் பிச்சியையும் மொட்டாகவே வாங்க வேண்டும். அவை மாலையில் மலரும் சாதி. கடையில் மலர்ந்தால் நஷ்டம், வாங்கினவர் தலையில் மலர்ந்தால் லாபம்.

இனிக் கணக்குக்கு வருவோம். கிலோ 400 ரூபாய் என்று வைத்து 5 கிலோ மொட்டு வாங்கினால் முதல் 2,000 ரூபாய். இரவு ஒரு கிலோ விற்காமல் வாடிவிட்டால், மிச்சம் 4 கிலோவும் அந்த 2,000 ரூபாயைச் சுமக்க வேண்டும். அதாவது கிலோ 500 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு வாடினால் அடக்கவிலை நாலில் ஒரு பங்கு ஏறுகிறது. நார், வண்டிச் சத்தம், வாடகை, கட்டுகூலி எல்லாம் இதற்கு மேல். தன் கைக்கும் கூலி எழுத வேண்டும். எழுதாதவர் லாபம் என்று எண்ணுவது பெரும்பாலும் தம் கூலியையே. அரிசிக் கடைக்காரர் இன்று விற்காததை நாளை விற்பார். பூக்கடைக்கு நாளை என்பதே கிடையாது. ஆதலால் குறைவாக வாங்கி, "தீர்ந்துவிட்டது" என்று சொல்ல வெட்கப்படாதிருப்பதே இத்தொழிலின் முதல் சாமர்த்தியம்.

வருஷத்தின் போக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆவணியில் முகூர்த்தங்களும் ஓணமும் சேர்ந்து வரும். அத்தப்பூக் கோலத்துக்காக மலையாள நாட்டார் தோவாளைக்கு வந்து மொத்தமாக வாங்குவார்கள். விலை தாறுமாறாக ஏறும். புரட்டாசி, ஐப்பசியில் நவராத்திரியும் ஆயுத பூஜையும். கார்த்திகையில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. மார்கழியில் சுசீந்திரம் தேர். தை பிறப்பதற்கு முன் மல்லிகை கிலோ ஆயிரங்களைத் தொடுவதும் உண்டு. எல்லா மதத்தாரும் எல்லாக் காரியத்துக்கும் பூ வாங்கும் நாடு இது. பிறப்புக்கும் வாங்குகிறார்கள், இறப்புக்கும் வாங்குகிறார்கள்.

இனி, நாம் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. நான்காவதாகவும் ஓர் இடம் அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்பட்டது. குடும்பத்துப் பெரியவர்கள் சொன்னது அது. கொழுந்தனார் முன்னால் உட்கார்ந்து விற்கட்டும். அவள் பின்கட்டில் இருந்து கட்டிக் கொடுக்கட்டும். மணமாலை வாங்க வருகிறவர்கள் அவள் முகத்தில் விழிக்க விரும்புவார்களா என்பது அவர்கள் கவலை. கெட்ட எண்ணத்தால் சொன்னதல்ல. வியாபாரம் கெட்டுவிடுமே என்ற பயத்தால் சொன்னது. அவள் நம்மிடம் கேட்டாள்: "பின்னால் இருந்து நான் கட்டினால் மாலைக்கு ஆகும், முன்னால் இருந்து நான் கொடுத்தால் ஆகாதா, ஸார்?"

இக்கேள்விக்கு நமக்குத் தெரிந்த தர்க்க சாஸ்திரத்தில் பதில் இல்லை. நாம் கழுத்தில் அணிந்த மாலைகளையெல்லாம் யார் கட்டினார்கள் என்று நம்மில் எவரேனும் விசாரித்ததுண்டா? நாருக்கும் மலருக்கும் இடையே ஓடிய விரல்கள் சுமங்கலியின் விரல்களா, அல்லவா என்று தெய்வமும் கேட்டதாக வரலாறு இல்லை. இளம் பிராயத்திலேயே கணவனை இழந்து, 1911-இல் சென்னையில் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி, தம்மைப் போன்ற பெண்கள் படிப்பதற்காக ஓர் இல்லம் நடத்தினார். அவ்வில்லம் பின்னர் அமைந்த இடம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில், ஊரார் யாவரும் உலாவும் சாலையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், ஒரு பூக்கடையின் முன்பலகையில் உட்காரலாமா என்று ஒரு பெண் கேட்க வேண்டியிருப்பது நமக்குப் பெருமை தருவதன்று.

தர்மத்தை ஒதுக்கிவிட்டு வியாபாரத்தை மட்டும் பார்த்தாலும் விடை அதுவே. மாலையின் நீளம், நிறம், வேளை யாவற்றையும் கட்டுகிறவரே வாடிக்கைக்காரரிடம் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும். இடையில் ஒருவர் உட்கார்ந்தால் அவருக்கும் அந்தக் கடை சோறு போட வேண்டும். சிறிய கடையால் அது முடியாது. எனவே, தெருமுனைக் கடையின் உடன்படிக்கையை அவள் பெயரிலேயே எழுதுவது, பலகையில் அவளே உட்காருவது என்று நாம் யோசனை சொன்னோம். கொழுந்தனாருக்கும் தக்க வேலை உண்டு: விடியற்காலையில் தோவாளைக்கு வண்டி ஓட்டுவது.

திறக்கும் நாளைப் பற்றி எல்லோரும் ஆவணியைச் சொல்கிறார்கள். நாம் ஆடியைச் சொல்லுகிறோம். ஆடியில் கல்யாணம் இல்லை. ஆனால் அம்மன் கோயில்களில் கொடையும் வெள்ளிக்கிழமைகளும் உண்டு. ஒரு கிலோ வாடினாலும் நஷ்டம் தாங்கும்படி இருக்கும். எவ்வளவு வாங்குவது, எந்த வேளையில் கூட்டம், காற்று எந்தப் பக்கம் புகுகிறது என்பதையெல்லாம் அந்த ஒரு மாதம் கற்பித்துவிடும். ஓணத்து விலையில் பாடம் படிப்பவர்கள் பெரும் பீஸ் கட்ட நேரிடும்.

நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் இப்படி ஒரு புதுக்கடை திறந்தால், முதல் மாதத்தில் பேரம் பேசாமல் தினம் ஒரு முழம் வாங்குங்கள். வீட்டில் கல்யாணம் வந்தால் மணமாலையையும் அங்கேயே சொல்லிவையுங்கள். பூக்கடைக்கு வேண்டிய விளம்பரம் அதுதான்.